அப்பத்தா உட்கார்ந்த திண்ணை

பழைய ஊர் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிற அருங்காட்சியகமான தட்சிணசித்ராவுக்குள் பத்து வருடமாக நான் கால் வைக்கவில்லை. சென்னையில்தான் இருக்கிறேன், ஈ.சி.ஆரில் அடிக்கடி போகிறேன், முட்டுக்காட்டில் அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருமுறை அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து கிளம்பினார்கள், தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒரே ஒரு தோழியிடம் மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னேன். ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்திய வீடு வீடே இல்லை, தெரு இல்லாமல், கோயில் இல்லாமல், பங்காளிகள் இல்லாமல் நிற்கிற வெறும் மரமும் ஓடும்தான் அது, அதை டிக்கெட் வாங்கிப் பார்க்க எனக்கு மனசு வராது என்றேன். அவள் கட்டடக்கலை படித்தவள். "அப்படியே விட்டிருந்தா மட்டும் அந்த வீடு ஊர்ல நின்னிருக்குமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும், எங்கள் வீடு நிற்கவில்லை.

போன தை மாதம் அப்பத்தா சென்னைக்கு வந்து ஒரு மாதம் என்னுடன் இருந்தார். 85 வயது. கண் புரைக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். வைத்தியம் முடிந்து கண் தெளிந்ததும் டி.வி.யில் ஏதோ ஒரு நிகழ்ச்சியில் தட்சிணசித்ராவின் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருத்தா? நம்ம பக்கத்து வீடு மாதிரி இருக்கு, ஆனா பின்னாடி தென்னையும் காத்துமால்ல இருக்கு?" என்றார். இங்கேதான் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்புறம் மறுநாள் காலை ஏழு மணிக்கே சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அங்கே விடுமுறை. புதன்கிழமை போனோம்.

கையெழுத்து

எங்கள் ஊர் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. காரைக்குடிப் பக்கம் ஒரு ஊரில், பர்மாவில் கொண்டுவிற்ற பணத்தில் பாட்டையா கட்டிய வீடு. முகப்பு, வளவு என்கிற நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும், இரண்டாங்கட்டு, அடுப்படி, கடைசியில் பின் தெருவில் ஒரு கதவு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன் வாசலில் நின்றால் எல்லா நிலைகளும் ஒரே நேர்கோட்டில் வந்து கடைசிக் கதவு வரை பார்வை போகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வருடத்தில் ஒரு கல்யாணம், முன்னோர்களுக்கு ஒரு படைப்பு, எப்போதாவது ஒரு சாவு, இதற்குத்தான் வீடு முழுசாகத் திறக்கும். மற்ற நாளெல்லாம் பெரும்பாலான அறைகளில் பூட்டு. பிள்ளைகள் பிழைக்கப் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள், சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று.

வீடு ஏன் விழுகிறது என்பதற்கு வெளியாட்கள் சொல்லும் காரணம் பராமரிக்கக் காசு இல்லை என்பது. காசு ஒரு பாதிதான். எங்கள் வீட்டில் ஓடு மாற்ற ஒருவர் தயாராக இருந்தார், சொந்தக் காசிலேயே செய்கிறேன் என்றார். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு, பங்குக்குள் பங்கு. ஒருவர் செலவு செய்தால் நாளைக்கு அதிகமாகக் கேட்பாரோ என்று இன்னொருவருக்குப் பயம். அந்தப் பயத்திலேயே மூன்று மழைக்காலம் போனது. நாட்டு ஓடு நகர்ந்து, உத்திரத்தில் தண்ணீர் இறங்கி, வளவில் ஒரு மூலை தாழ்ந்தது. பிறகு எல்லோரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள், விற்றுவிடுவது. 19 கையெழுத்து வேண்டியிருந்தது. அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, உடம்பு முடியாமல் இருந்ததால் மலேசியாவுக்கும் கோவைக்கும் தாளை அனுப்பி, தொலைபேசியில் கெஞ்சி, கையெழுத்துகளைச் சேர்த்தது நான்தான். 2014. அதே வருடம்தான் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். செய்தியைப் பேருந்தில் படித்தேன், கையில் பைக்குள் விற்பனைத் தாள்கள் இருந்தன.

வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை. மரத்துக்காக வாங்கினார்கள். பர்மாத் தேக்குக்குக் கன அடிக் கணக்கில் விலை. பிரிக்கிற வேலையை ஒருநாள் போய்ப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. முதலில் ஓடு, அடுத்து கைமரம், அப்புறம் உத்திரம், கடைசியில் தூண். எடுத்த ஒவ்வொரு துண்டிலும் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு எண் எழுதினார்கள், நீளம், அகலம், கன அடி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் யாருக்கும் வேண்டாம். வெயில் நாளில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும் சுவர், கடப்பாரை பட்டதும் தேங்காய் ஓடு மாதிரி பிளந்தது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களில் பாதி உடைந்தன. எனாமல் சட்டிகளும் நிலைக்கண்ணாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயின, அந்தத் தெருவில் கடைக்குக் கடை இப்படிப்பட்ட வீடுகள்தான் துண்டு துண்டாக உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் தூண்கள் இப்போது எந்த ஓட்டலில் நிற்கின்றனவோ, எந்தப் பண்ணை வீட்டில் நிற்கின்றனவோ. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

ஆக, தோழியிடம் நான் பேசிய பேச்செல்லாம் இந்தச் சாக்பீஸ் எண்களை மறைக்கப் பேசியதுதான். தட்சிணசித்ராவைத் தொடங்கியவர் டெபோரா தியாகராஜன், அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வாழ வந்தவர். 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷனை ஆரம்பித்து, 1996 டிசம்பரில் இந்த இடத்தைத் திறந்தார்கள். பத்து ஏக்கர், பதினெட்டு வீடுகள், கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் திட்ட வரைவு. இடிபட இருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களையே வைத்துத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். இப்படி வீடுகளைப் பெயர்த்து வைத்துக் காப்பாற்றுவது புதிதும் இல்லை, 1891-இலேயே ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். தட்சிணசித்ராவுக்காகப் பிரிக்கும்போதும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட வேண்டும். இல்லாவிட்டால் எந்த உத்திரம் எந்தத் தூணின் மேல் உட்காரும் என்று தெரியாது. எங்கள் வீட்டு மரத்திலும் எண் இருந்தது, ஆனால் அது திரும்பச் சேர்ப்பதற்குப் போட்ட எண் இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பத்து வருடமாகத் தெரிந்தே இருந்தது, அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரே வீடு, ஆறு அடுப்பு

புதன்கிழமை கூட்டம் குறைவு. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நான்கைந்து குடும்பங்கள், அவ்வளவுதான். அப்பத்தா முதலில் கேரளப் பக்கம் போனார். மர வீடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவர் மண்ணாக இருந்தால் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், இவர்கள் சுவரையே மரத்தில் செய்திருக்கிறார்கள், கழற்றி மாட்டுவது சுலபம், கெட்டிக்காரர்கள் என்றார். ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீட்டைப் பார்த்து, புயல் காற்று முட்டுவதற்கு மூலையே இல்லை பார் என்று அவரே கண்டுபிடித்தார். கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டின் கல் கட்டடத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். செட்டிநாட்டு வீட்டுப் பக்கம் மட்டும் போகவே இல்லை. நான் கூப்பிடவும் இல்லை. எனக்கும் கால் எழவில்லை.

கடைசியில் போனோம். வாசலில் நின்று நிலையைப் பார்த்தார், மேல் சட்டத்துச் செதுக்கலைப் பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். இடுப்பு உயரத்துக்கு வந்ததும் கை நின்றது. "இங்ஙன பாருத்தா" என்றார். அந்த இடத்தில் மரம் மற்ற இடத்தைவிட வழவழவென்று இருந்தது. எத்தனையோ வருடம் யார் யாரோ சாய்ந்து சாய்ந்து தேய்த்த மாதிரி. எண்ணெய்த் தலையும் வேட்டியும் உரசிய இடம் என்றார் அப்பத்தா. அது அப்படித்தான் வந்ததா, இங்கே வந்த பிறகு எங்களைப் போன்றவர்கள் கை வைத்து வந்ததா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அப்பத்தாவுக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு இளம் தகப்பனார் ஏழெட்டு வயது மகளிடம் விளக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்துல அம்பது பேரு ஒரே வீட்டுல, ஒரே பானைச் சோத்தைச் சேந்து சாப்பிட்டு, சண்டையே இல்லாம இருந்தாங்க பாப்பா, இப்பதான் எல்லாரும் தனித்தனியாப் போயிட்டோம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் பல இடங்களில் இதையேதான் சொல்லியிருக்கிறேன். அப்பத்தா திரும்பி, "ஒரே பானை இல்ல தம்பி" என்றார். அவர் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு சிரித்துக்கொண்டே, சொல்லுங்கம்மா என்று மகளை முன்னால் நகர்த்தினார்.

அப்பத்தா சொன்னது இது. 1958-இல் அவர் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டில் ஆறு அடுப்பு எரிந்தது. செட்டிநாட்டு நகரத்தார், அதாவது எங்கள் செட்டியார் வீட்டு வழக்கத்தில் கல்யாணமானவர்களை கொஞ்ச நாளில் 'வேறு வைத்துவிடுவார்கள்'. வருடத்துக்கு இத்தனை அரிசி, இத்தனை பருப்பு, செலவுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிட்டால், அதற்குள் அவர்கள் குடும்பம் நடத்த வேண்டும். கூரை ஒன்று, கணக்கு தனித்தனி. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு ஜோடிக்கு. சாமான் அதற்குள், சாவி இடுப்பில். பக்கத்து அடுப்பில் கருவாடு வறுத்தால் வாசனைக்குப் பங்கு உண்டு, கருவாட்டுக்குக் கேட்டால்தான் உண்டு. பதினெட்டு வயதில் ஒரு வருட அரிசியைப் பிரித்துச் செலவு செய்யக் கற்றுக்கொண்டதை அப்பத்தா பெருமையாகத்தான் சொன்னார். "சண்டை இருந்துச்சு தம்பி. ஆனா அவுக அவுக அடுப்பு அவுக அவுக கையில இருந்துச்சு" என்றார். அந்தச் சின்னப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, ஆறு அடுப்பும் எங்கே இருந்தது என்று கேட்டாள். அப்பத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு காற்றில் இடம் காட்டினார், இங்கே ஒன்று, அந்த மூலையில் மூத்தாளுடையது, புகை அந்தப் பக்கம் போகும் என்று. அங்கே நிற்கிற வீட்டைக் காட்டவில்லை, இல்லாத எங்கள் வீட்டைத்தான் காட்டினார்.

திண்ணை

அவர்கள் போன பிறகுதான் அது நடந்தது. அப்பத்தா திண்ணைப் பக்கம் வந்து நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இங்ஙன உட்காரலாமாத்தா?" என்று கேட்டார்.

கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, உட்காருங்கப்பத்தா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். உட்காரவில்லை. மறுபடியும் கேட்டார், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகளா என்று. அப்புறம் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, தூணை ஒரு கையால் பிடித்து, முதலில் ஓரமாக, பாதி உடம்பு மட்டும் படுகிற மாதிரி உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்துப் பின்னால் நகர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மேலே தூக்கி மடக்கி வைத்தார். தூணில் சாய்ந்தார். எதிரே வெயில் பாதையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, "அம்பத்தாறு வருசம் அந்த வீட்டு மருமகத்தா நானு. திண்ணையில உட்கார்ந்ததே இல்ல" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. நான் சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் நாள் முழுக்க அந்தத் திண்ணையில்தான் கிடப்பேன். ஐயா, அதாவது தாத்தா, சாய்வு நாற்காலியில், நான் திண்ணையில். அப்பத்தா எங்கே இருந்தார் என்று யோசித்தேன். உள்ளே. எப்போதும் உள்ளே. முகப்பும் திண்ணையும் ஆண்களுடையது, கணக்குப் பிள்ளை வருவார், பங்காளிகள் வருவார்கள், ஊர்ப் பஞ்சாயத்து நடக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போக வேண்டுமென்றால் பின் தெருக் கதவுதான். யாரும் உட்காராதே என்று சொல்லவும் இல்லையாம், உட்காரத் தோன்றவும் இல்லையாம். ஐயா இறந்த பிறகு வீட்டில் அப்பத்தாவும் வேலைக்கார அம்மாவும் மட்டும் நான்கு வருடம் தனியாக இருந்தார்கள், அப்போது கூடவா என்று கேட்டேன். "அப்பவும் தோணலைத்தா" என்றார்.

அங்கே உட்கார்ந்துகொண்டுதான் சின்னாத்தாவைப் பற்றிச் சொன்னார். ஐயாவுக்குச் சித்தி முறை. 24 வயதில் கணவர் போய்விட்டார், 70 வயதுக்கு மேல் இருந்தார். வீட்டில் நல்ல காரியம் நடந்தால் வளவுக்கு வர மாட்டார், சாப்பாடு இரண்டாங்கட்டுக்குப் போய்விடும். ஒரு குறிப்பிட்ட இடம் வைத்திருந்தார், இரண்டாங்கட்டு நிலைக்குப் பின்னால், சுவரை ஒட்டி. ஏன் அந்த இடம் என்றால், கதவுகளெல்லாம் திறந்திருக்கும் நாளில் அங்கிருந்து பார்த்தால் நிலைக்குள் நிலை, அதற்குள் நிலை என்று போய் கடைசியில் தெரு தெரியும். "தீப்பெட்டி அளவுக்குத் தெரியும்த்தா" என்று விரலால் அளவு காட்டினார். அந்தத் தீப்பெட்டிக்குள் மாட்டு வண்டி போகும், ஆள் போகும், சாமி புறப்பாடு போகும். சின்னாத்தா அதைப் பார்த்துக்கொண்டே பூண்டு உரிப்பார். யாராவது இடையில் கடந்தால் தெரு மறைந்துவிடும், ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பார்.

அந்த நேர்கோட்டைப் பற்றி நான் எவ்வளவு பேசியிருக்கிறேன். காற்றோட்டம், வெளிச்சம், நம் முன்னோர்களின் அறிவு. எல்லாம் உண்மைதான், இப்போதும் மறுக்கவில்லை. சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாமல் தூங்கிய உடம்பு இது. ஆனால் அந்தக் கோட்டின் ஒரு முனையில்தான் நான் எப்போதும் நின்றிருக்கிறேன். மறுமுனையில் ஒருவர் நாற்பத்தைந்து ஐம்பது வருடம் உட்கார்ந்து தெருவைத் தீப்பெட்டியாகப் பார்த்திருக்கிறார் என்பது அந்த வீடு நின்றவரை எனக்குத் தெரியாது. வீட்டை இடிக்கும்போது அழுத நான், அந்த நிலைக்குப் பின்னால் இருந்த சுவரடியை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. அப்பத்தாவும் அதைப் பற்றி அங்கே இருந்தவரை பேசியதில்லை. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, யாருடையதோ ஒரு முகப்பில், மாமனார் இல்லாத, பங்காளிகள் இல்லாத, தெரிந்த தெரு இல்லாத ஒரு திண்ணையில் உட்கார்ந்ததும்தான் வந்தது.

ஊர் இல்லாத வீடு வீடே இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பத்தாவை உட்கார விட்டது அந்த ஊர் இல்லாததுதான். இந்த இடத்தில்தான் என் பழைய பேச்சு முழுசாக நின்றுபோனது. அதற்காகப் பெயர்த்து வைப்பதே சிறந்தது என்றும் நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீடு எங்கள் ஊரிலேயே, அதே பிள்ளையார் கோயில் தெருவில், ஓடு மாற்றி நிற்பதைத்தான் இன்றைக்கும் கனவில் பார்க்கிறேன். பெயர்த்து வைத்த வீட்டில் படைப்புப் போட முடியாது, பிள்ளைக்குக் கல்யாணம் செய்ய முடியாது, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் நிற்கிற ஒரு தூண் இருந்ததால்தான் அப்பத்தாவின் கை இடுப்பு உயரத்தில் நின்றது, அந்தக் கை நின்றதால்தான் ஆறு அடுப்பும் சின்னாத்தாவும் வந்தார்கள். ஓட்டலுக்குப் போன எங்கள் தூணிடம் யாரும் போய் இதைக் கேட்கப் போவதில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் பக்கத்து அக்ரகாரத்து வீட்டையும் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டையும் பார்த்துவிட்டு வந்தேன், வரச் சொன்னதற்கு நீ போய்ட்டு வாத்தா என்றார். திரும்பி வந்தபோது வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு அம்மாக்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பத்தா அவர்களிடம், உட்காருங்க, நல்லா உள்ள தள்ளி உட்காருங்க, என்று வீட்டுக்காரர் மாதிரி இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது ஒரு படம் எடுக்கச் சொன்னார். பொதுவாகப் படம் எடுத்தால் முகத்தை மூடிக்கொள்கிறவர். எடுத்துக் காட்டினேன். புதுக் கண்ணால் உற்றுப் பார்த்து, கால் மேலே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு அப்பத்தா, வேணும்னா காலைக் கீழே போட்டுட்டு இன்னொண்ணு எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார். "கையெழுத்துப் போட்டாகல்ல பங்காளிக, அம்புட்டுப் பேருக்கும் அனுப்பிரு. மலேசியாக்காரகளுக்கும்" என்றார். காரில் ஏறுவதற்கு முன்பே பத்தொன்பது பேருக்கும் அனுப்பிவிட்டேன்.